பின் பிரேக் பேட்: கழற்றி மாட்டினால் மட்டும் போதாது

முன் சக்கரத்தில் பிரேக் பேட் மாற்றிப் பழகியவர்கள்தான் பின் சக்கரத்துக்கு வரும்போது அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்க எல்லாம் அதே மாதிரி இருக்கிறது. பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான ஒரு காலிப்பர், இரண்டு போல்ட், இரண்டு பேட், நடுவில் டிஸ்க். முன்னால் செய்ததைப் போலவே சி-கிளாம்ப்பை வைத்து, காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள். அசையாது. இன்னும் கொஞ்சம் முறுக்குகிறார்கள். அப்போதும் அசையாது. அந்த இடத்தில் நிறுத்தி யோசிப்பவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மேலும் மேலும் முறுக்குபவர்கள் பேட் வாங்கிய கையோடு காலிப்பரும் வாங்க வேண்டி வரும்.

எங்கள் வீட்டுக் காருக்கும், கேட்டால் சொந்தக்காரர்கள் காருக்கும் இந்த வேலையை நானேதான் செய்கிறேன். பிடித்துச் செய்கிற வேலை. பேட்டைக் கழற்றி மாட்டுவது இதில் ஒரு சின்னப் பகுதி என்பது என் எண்ணம். பழைய பேட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது, காலிப்பர் தடையில்லாமல் நகர்கிறதா என்று சோதிப்பது, ஹேண்ட் பிரேக் அதற்குள் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்வது, இவைதான் நேரம் எடுக்கும் வேலை. இவற்றை விட்டுவிட்டுப் புது பேட்டை மட்டும் போட்டால், பழைய பேட்டைத் தின்ற அதே கோளாறு புதியதையும் தின்றுவிடும்.

பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்குகள் பார்த்துக்கொள்கின்றன. அப்படியானால் பின் பேட் அதிகம் தேயவே கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் 460 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால்கூட, அளவில் சிறிய பின் பேட்டுக்கு அது கணிசமான சுமை. போதாததற்கு, இன்றைய கார்கள் பலவற்றில் லேசாக மிதிக்கும்போது முன்பக்கம் அமுங்காமல் இருக்கப் பின் பிரேக்குக்குக் கூடுதல் பங்கு கொடுக்கிறார்கள். வழுக்கும்போது ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் பின் பிரேக்கைப் பயன்படுத்துகிறது. முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் நேராகப் பின்னால்தான் போய் அப்புகின்றன. அதனால் முன் பேட்டுக்கு முன்பே பின் பேட் தீர்ந்துபோன கார்களைப் பார்த்து இப்போதெல்லாம் நான் ஆச்சரியப்படுவதில்லை.

சரி, பின் காலிப்பர் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? காரணம் ஹேண்ட் பிரேக். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகு அது உலகத்தின் கண்ணில் பட்டது. அப்புறமும் பல பத்தாண்டுகள் சாதாரணக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றே இருந்தது. சின்னக் கார்கள் பலவற்றில் இன்றும் அப்படித்தான். டிரம் விலை குறைவு என்பது ஒரு காரணம். ஹேண்ட் பிரேக் அதில் எளிதாக அமைந்துவிடுகிறது என்பது இன்னொன்று. ஒரு கேபிள், ஒரு லீவர், டிரம்முக்குள் உரசும் இரண்டு ஷூவை விரித்தால் முடிந்தது. டிஸ்க்கில் அந்த வேலையைச் செய்ய ஏதாவது ஒரு தந்திரம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் காரில் எது என்று பேட் வாங்குவதற்கு முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பரின் முதுகில் உள்ள ஒரு லீவரில் வந்து முடிந்தால், பிஸ்டனைச் சுற்றித்தான் உள்ளே இறக்க வேண்டும். கேபிள் காலிப்பரைத் தொடாமல் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டுக்குள் போனால், டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்று தனியாகக் குட்டி டிரம் பிரேக் இருக்கிறது. அங்கே பிஸ்டனை நேராகத் தள்ளலாம், முன்பக்கம் போலவே. காலிப்பரின் முதுகில் ஒரு சின்ன மோட்டாரும் அதற்கு மின்கம்பியும் இருந்தால் அது எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். அதில் முதலில் சர்வீஸ் மோடுக்குப் போய், மோட்டார் தன் திருகை முழுவதும் பின்னுக்கு இழுத்துக்கொண்ட பிறகுதான் பிஸ்டனில் கை வைக்க வேண்டும். சில கார்களில் பட்டன்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் அந்த மோடு வரும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். காரின் கையேட்டில் வழி சொல்லியிருக்கும். வேலை நடக்கும்போது வீட்டில் யாரும் அந்தச் சுவிட்சைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப்பருக்குள் விரல் இருக்கும்போது மோட்டார் ஓடினால் விரல் போய்விடும்.

வண்டியைத் தூக்குவதிலும் பின்பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பின் பிரேக்கில் வேலை செய்ய ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது எது? முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தால் கியரில் போட்டு நிறுத்தலாம், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பார்க்கில் போடலாம். பின் சக்கரம் தள்ளும் காரில் அந்தச் சக்கரங்களையே தூக்கிவிடுகிறோம். கியரில் போட்டும் பயனில்லை. ஆகவே எந்தக் காராக இருந்தாலும் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுகிறேன். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்ட் வைத்து, பாரத்தை அதன் மேல் இறக்கி, வண்டியை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்க்கிறேன். ஆடினால் ஆரம்பத்திலிருந்து மறுபடி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் எந்தக் காரின் அடியிலும் கையோ காலோ வைக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். எந்த கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காலிப்பரை ஒரு போல்ட்டில் மேலே மடக்க முடிந்தால் மடக்குங்கள், முழுவதும் கழற்றுவதாக இருந்தால் ஒரு கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் பாரம் விழக்கூடாது. தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதவே கூடாது. பழைய காலத்துப் பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பல நாடுகளில் அது தடைசெய்யப்பட்டுவிட்டாலும், இன்றைய பேட்டின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தால் தூசி பறக்காது.

இனி பழைய பேட்டை உட்கார்ந்து பார்க்கும் நேரம். நான்கையும், எது எந்தச் சக்கரம், எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சாக்பீஸால் எழுதி வரிசையாக வைத்துவிடுவேன். நான்கும் ஏறக்குறைய ஒரே தடிமனில் தேய்ந்திருந்தால் மனம் லேசாகிவிடும், பிரேக் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஒரே சக்கரத்தில் ஒரு பேட் நன்றாகவும் அதன் ஜோடி தகடு தெரியும் அளவுக்கும் தேய்ந்திருந்தால் காலிப்பர் சரியாக நகரவில்லை. வெளிப்பக்க பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் என் முதல் சந்தேகம் காலிப்பர் நகர இடம் கொடுக்கும் கைடு பின் மேல். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கைடு பின்னாகவும் இருக்கலாம், பிஸ்டன் திரும்பாததாகவும் இருக்கலாம். ஒரு பேட்டே ஒரு முனையில் தடியாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் சரிந்து தேய்ந்திருந்தால், அது அதன் பள்ளத்தில் இறுகியிருக்கிறது, அல்லது இரண்டு கைடு பின்களில் ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது பின் சக்கரத்தின் இரண்டு பேட்டும் தீர்ந்து, வலதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால், தீர்ந்த பக்கத்தில் ஹேண்ட் பிரேக் முழுவதும் விடுபடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

பல பேட்களின் தகட்டில் ஒரு சின்ன வளைந்த இரும்பு நாக்கு இருக்கும். பேட்டின் பொருள் 2, 3 மில்லிமீட்டருக்கு இறங்கும்போது அது டிஸ்க்கைத் தொட்டுக் கிறீச்சிடும். வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை அது. ஆனால் ஒரு சக்கரத்துக்கு ஒரு பேட்டில் மட்டுமே அதை வைப்பது வழக்கம். தேய்வது அதன் ஜோடியாக இருந்தால் சத்தமே வராது. சத்தம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

கைடு பின்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேர் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இப்படி நகரும் வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது உள் பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் உள்பக்கமாக நகர்ந்து வெளி பேட்டை இழுத்து அழுத்துகிறது. அந்த நகர்வுக்கு இடம் கொடுப்பவை விரல் தடிமனுள்ள இரண்டு பின்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ரப்பர் பூட். பூட் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் கழுவிப்போகும், துரு பிடிக்கும். நல்ல பின்னைப் பிடித்து இழுத்தால் கொழகொழவென்று ஒரே சீராக வரும், உள்ளே தள்ளினால் அடைபட்ட காற்று அதை லேசாகத் திருப்பித் தள்ளும். கெட்ட பின் கையில் வராது. பிடுங்கினால் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பாக வெளியே வரும்.

இரண்டையும் வெளியே எடுத்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, துளைக்குள்ளும் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசிப் போட வேண்டும். வீட்டில் கிடக்கிற சாதாரண கிரீஸ் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப்போகும், அப்புறம் நேற்று நன்றாக நகர்ந்த பின் இறுகிவிடும். இரண்டில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கலாம். அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று பார்த்து அதே இடத்தில் போடுங்கள். சொரசொரப்பு ஆழமாக இருந்தால் புதுப் பின்னே போட்டுவிடுவது நல்லது.

பேட்டின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே உள்ள மெல்லிய எஃகு கிளிப்பை எடுத்துப் பார்த்தால் அடியில் துரு பூத்திருக்கும். துரு வளர வளர கிளிப்பை மேலே தூக்கும், பள்ளம் குறுகும், பேட் நகராமல் பிடித்துக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிட்டுப் புது கிளிப் போடுகிறேன். புது பேட்டை அதில் வைத்து விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தவறு இருக்கிறது.

இப்போது பிஸ்டன். லீவர் வகைக் காலிப்பரின் உள்ளே, பிஸ்டனின் வயிற்றுக்குள் ஒரு திருகும் அதன் மேல் ஓடும் ஒரு நட்டும் இருக்கின்றன. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் லீவர் அந்தத் திருகைத் தள்ளி பிஸ்டனை நகர்த்துகிறது. பேட் தேயத் தேய அந்த நட்டு திருகின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டே போகும், அதனால்தான் ஹேண்ட் பிரேக் லீவர் ஏறும் உயரம் பெரிதாக மாறுவதில்லை. பேட் முழுவதும் தேய்ந்தபோது அது வெகுதூரம் வெளியே வந்திருக்கும். சுற்றாமல் நேராகத் தள்ளினால் மோதுவது அந்தத் திருகின் மரையில். பிஸ்டனின் முகத்தில் இரண்டோ நான்கோ வெட்டுகள் இருப்பது இதற்காகத்தான். அதில் பொருந்தும் கருவியை வைத்து, அழுத்திக்கொண்டே சுற்றினால் பிஸ்டன் மெதுவாக உள்ளே இறங்கும். பெரும்பாலும் கடிகார முள் சுற்றும் திசை. சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் எதிர்த்திசை. சுற்றச் சுற்ற பிஸ்டன் வெளியே வருவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் திசையை மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் விடுவித்திருக்கிறதா என்று அதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றும்போது பிஸ்டனின் ரப்பர் தூசி உறை சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஓரத்தில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் வழுக்கிவிடும். முழுவதும் இறங்கிய பிறகு பிஸ்டனின் வெட்டுகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று பாருங்கள். பல கார்களில் உள் பேட்டின் முதுகில் ஒரு சின்ன முளை இருக்கும், அது அந்த வெட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் பிஸ்டன் சுற்றாமல் நிற்கும், உள்ளே உள்ள நட்டு தன் தானியங்கி வேலையைச் செய்யும். முளை வெட்டுக்கு வெளியே ஏறி நின்றால் பேட் கோணலாக உட்காரும். கையேட்டின் படத்தில் இது ஒரு சின்னக் கோடாகத்தான் தெரியும், அதனால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

எனக்கு வியப்பு தீராத ஒரு பொருள் இங்கேயே இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி உள்ள ரப்பர் சீல். அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, சதுரமாக இருக்கும். பிரேக் மிதிக்கும்போது பிஸ்டன் வெளியே நகர, சீல் அதைப் பிடித்துக்கொண்டே லேசாகச் சாய்கிறது. காலை எடுத்ததும் சீல் நிமிர்கிறது, நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேட் டிஸ்க்கை விட்டு விலகி நிற்பதற்கு அந்த மயிரிழைதான் காரணம், தனியாக ஸ்பிரிங் பெரும்பாலும் கிடையாது. பேட் தேய்ந்து பிஸ்டன் அதிக தூரம் போக வேண்டி வந்தால் சீலுக்குள் வழுக்கிக்கொண்டு புது இடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு ரப்பர் வளையம் கசிவையும் தடுக்கிறது, இடைவெளியையும் சரிசெய்கிறது. அதனால்தான் பிஸ்டனின் பக்கவாட்டில் துரு இருந்தால் நான் கவலைப்படுகிறேன். சொரசொரப்பான பிஸ்டனைச் சீலால் திருப்பி இழுக்க முடியாது.

பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் மேலே தொட்டிக்குத் திரும்பும். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தால் வழியும், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நான் தொட்டியை அவ்வப்போது எட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுகிறேன். அதன் நிறம் கறுத்திருந்தால் மாற்றிவிடுவதும் நல்லது. கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தின்படி புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

லீவரையும் ஒரு பார்வை. ஹேண்ட் பிரேக் விட்ட நிலையில் காலிப்பர் முதுகில் உள்ள லீவர், அதைத் தடுத்து நிறுத்தும் முட்டில் போய் ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாமல் இடைவெளி இருந்தால் கேபிளை லீவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் லீவர் படக்கென்று திரும்பினால் கோளாறு கேபிளில். கழற்றியும் மந்தமாக நின்றால் லீவரின் அச்சு இறுகிவிட்டது.

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்துப் பல இடங்களில் அளந்து, அதற்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டு பக்க டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பேட்டையும் அப்படித்தான், ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றுவது கிடையாது.

மாட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். காதுகளிலும் தகட்டின் முதுகிலும் மட்டும் துளி கிரீஸ், உராயும் முகத்தில் விரல் எண்ணெய்கூடப் படக்கூடாது. காலிப்பர் போல்ட்டையும் வீல் நட்டையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பேட்டோடு புதிதாகப் பசை தடவிய போல்ட் கொடுத்திருந்தால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும், பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இப்போது இடைவெளி இருக்கிறது. பெடல் கெட்டியாகும்வரை மெதுவாகப் பலமுறை மிதித்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கையும் பலமுறை இழுத்து விடுங்கள். எலக்ட்ரிக் என்றால் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்தால் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். தொட்டியில் ஆயில் அளவைப் பார்த்து மூடுங்கள். இதெல்லாம் முடியாமல் வண்டி ஒரு அடிகூட நகரக் கூடாது.

பிறகு ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 15 வரை மிதமாகப் பிடித்து, முழுவதும் நிறுத்தாமல் விட்டு, கொஞ்ச தூரம் ஓடி ஆறவிட்டு, மறுபடி. எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தால் பேட்டின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிகிறது. சூடாக இருக்கும்போது நின்ற இடத்தில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் படலம் ஓரிடத்தில் மட்டும் தடித்துவிடும், பிற்பாடு பிரேக் பிடிக்கும்போது அதிரும்.

அடுத்த சில நாட்களில், அதிகம் பிரேக் பிடிக்காத ஒரு ஓட்டத்துக்குப் பிறகு, இரண்டு பின் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், அனல் தெரிந்தால் போதும். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தைத் திரும்பக் கழற்றி, முதலில் லீவர் அதன் முட்டில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள், அடுத்து கைடு பின் கையில் வருகிறதா என்று பாருங்கள். புது பேட்டைக் குறை சொல்வது அதற்கப்புறம்.